கசக்காத மாத்திரை

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரியை நர்ஸம்மா கொடுத்தாள். எஸ்தர் என்று பேர். படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். ஏதோ மருந்துக் கடைக்காரன் வருஷப் பிறப்புக்கு அவளுக்குக் கொடுத்ததாம். "மாத்திரை குடுத்தது, வலி இருந்துச்சா இல்லையா, தூங்குனாரா, வெளிக்குப் போனாரா, எல்லாம் இதுல எழுதி வைங்கம்மா" என்றாள்.

"எழுதணும்னு இல்ல தாயி. எனக்கு எல்லாம் மண்டையில நிக்கும்."

"உங்க மண்டைய நான் டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போக முடியாதுல்ல."

வாய்க்காரி. ஆனாலும் என் வீட்டுக்காரரை, அவுகளைத் தொட்டுப் புரட்டுகிற கை நல்ல கை. அதற்காக எழுதுகிறேன். அஞ்சாவதோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள் நான். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

அவுகளுக்கு நாக்கில் புற்று. கடலைமிட்டாய்ப் பட்டறையில் காலமெல்லாம் பாகு காய்ச்சின மனுஷன். அடுப்பு முன்னால் புகையிலை இல்லாமல் நிற்க முடியாது என்று அதக்கி அதக்கி வைத்ததுதான். நான் சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன், எங்கெங்கே வைத்துச் சொன்னேன் என்று கேட்டால் இப்பவும் சொல்லுவேன். இப்போது பேச்சே இல்லை. கட்டில் கட்டையைத் தட்டினால் கூப்பிடுகிறாக என்று அர்த்தம்.

நர்ஸம்மா கொண்டுவந்தது சின்ன வெள்ளை மாத்திரை. மார்பின் என்றாள். "இது சும்மா தலைவலி மாத்திரை இல்லம்மா. வீட்டுல வேற யாரும் தொடக்கூடாது. காலி அட்டையத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்த அட்டை தருவேன்."

முழுங்க முடியாததால் நுணுக்கித் தண்ணியில் கரைத்துப் பாலாடையில் ஊற்றச் சொன்னாள். மகன் வேலு கைப்பிள்ளையாக இருக்கையில் பால் ஊற்றின பாலாடை பரணில் கிடந்தது. புளி போட்டு விளக்கினேன்.

ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கம்மா வீட்டுப் பழக்கம் இது. எங்க சித்தி ஒருதரம் ஓமத்தண்ணி என்று மண்ணெண்ணெயை என் தம்பிக்குப் புகட்டிவிட்டாள். அன்றையிலிருந்து எங்க வீட்டில் யாருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் முதல் சொட்டு கொடுக்கிறவள் நாக்குக்குத்தான். அந்தச் சித்தியோடு எங்கம்மா சாகும்வரை பேசவில்லை. நானும் பேசவில்லை.

மாத்திரை அப்படி ஒரு கசப்பு. குடல்வரை இறங்கிய கசப்பு.

பிப்ரவரி 6, வியாழன்

தூங்கினாக. குறட்டை விட்டுத் தூங்கினாக. அந்தக் குறட்டையை முன்னெல்லாம் எவ்வளவு திட்டியிருப்பேன். இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அட்டையில் இருந்து மாத்திரையைப் பிதுக்க என் விரலுக்கு வரவில்லை. தீப்பெட்டி ஒட்டி ஒட்டிக் கோணிப்போன விரல். வேலு பார்த்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஒரு வெள்ளை டப்பா வாங்கிவந்து, எல்லா மாத்திரையையும் அவனே பிரித்துப் போட்டு, அவுக கால்மாட்டுக்கு நேரே இருக்கிற அலமாரியில் வைத்தான். காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு நர்ஸம்மாவுக்கென்று தனியாக எடுத்து வைத்தான்.

"இனிமே நீ கஷ்டப்படாதம்மா. நான் பாத்துக்கிறேன்."

ஒத்தைப் பிள்ளை. மினி லாரி ஓட்டுகிறவன். முந்தின வருஷம் லோடு ஏற்றுகையில் மேலேயிருந்து விழுந்து இடுப்பு எலும்பு பிசகி, பஜார் டாக்டரிடம் கிடந்தான். அந்த டாக்டர் முகத்தைக் கூடப் பார்க்காமல் எழுதுவான். "வலிச்சா போடு, வலிக்காட்டியும் போடு" என்று சொன்னவன். அந்த மாத்திரைச் சீட்டு கிழிந்துவிடக் கூடாதென்று வேலு அதை லேமினேஷன் பண்ணிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவ்வளவு பொறுப்பு. கடைக்காரன்தான் பிறகு தரமாட்டேன் என்று விரட்டிவிட்டான், பாவி. அந்தக் கடையில் நான் ஒரு சோப்புக்கூட வாங்குவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

அவுகளுக்கு மூணு நாளாக வெளிக்குப் போகவில்லை. இந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸம்மா ஒரு பாகுமருந்து கொடுத்தாள். ராத்திரி வலி இல்லை.

மருமகள் செல்வி பஞ்சு மில்லில் ஷிப்ட் போய்வந்து மீன் குழம்பு வைத்தாள். உப்பு அள்ளிப் போட்டிருக்கிறாள். இவள் வீட்டுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. நிச்சயதார்த்தத்தன்று எல்லாருக்கும் கலர் சோடா கொடுத்துவிட்டு என்னிடம் வரும்போது தீர்ந்துபோச்சு என்றாள் இவள் அம்மா. மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தீர்ந்துபோச்சாம்.

பிப்ரவரி 19, புதன்

புது அட்டை வந்து, வேலு டப்பாவில் போட்டுவைத்தான். இந்தத் தடவை மாத்திரை கசக்கவே இல்லை. நாக்கில் லேசாக ஒரு இனிப்புக்கூட இருக்கிறது. கம்பெனிக்காரனுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கிறது. வாய் புண்ணாகிக் கிடக்கிற மனுஷனுக்குக் கசப்பைக் கொடுக்கலாமா.

வேலுவும் இப்போதெல்லாம் நல்ல குணமாக இருக்கிறான். போன மாசம் வரைக்கும் எரிந்து எரிந்து விழுந்தவன். மூக்கைச் சொறிந்துகொண்டு சிரித்த முகமாகப் பேசுகிறான். அப்பாவுக்குச் சேவை செய்கிறதில் மனசு கனிந்துபோச்சு.

பிப்ரவரி 21, வெள்ளி

அவுகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் கை சில்லென்று இருக்கிறது. வயிறும் இளகிவிட்டது. துணி மாற்றி மாளவில்லை.

அந்த மீன் குழம்புச் சாறுதான். நான் அன்றைக்கே நினைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கட்டிலைத் தட்டிக்கொண்டே இருக்கிறாக. மாத்திரை கொடுத்துத்தான் இருக்கிறேன். கொடுத்தும் தட்டினால் என்ன செய்ய. வாயில் சேலைத் துணியைக் கடித்துக்கொண்டு அனத்துகிறாக. "கொஞ்சம் பொறுக்கக் கூடாதா, ஊருல உங்களுக்கு மட்டுந்தான் நோவா" என்று கேட்டுவிட்டேன். தட்டுவதை நிறுத்திக்கொண்டாக.

எழுத வேறு எதுவும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நர்ஸம்மா வந்தாள். அவுக முகத்தைப் பார்த்ததும் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நல்லா இருந்தாரேம்மா, என்னாச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் வேலு எல்லாம் எடுத்துச் சொன்னான். எப்போது வலி கூடுகிறது, எப்படித் துடிக்கிறாக என்று டாக்டருக்குப் படித்தவன் மாதிரி. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அப்பாவுக்கு ஒன்னு பத்தல நர்ஸம்மா. ரெண்டாக்கி விடுங்க."

நர்ஸம்மா டாக்டரோடு போனில் பேசி ரெண்டாக்கினாள். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் வேலு கொடுத்த காலி அட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவுக கையைப் பிடித்து, "சரியாயிரும் ஐயா" என்றாள். அவுக அவளைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தாக.

மார்ச் 2, ஞாயிறு

ரெண்டு கொடுத்தும் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

செல்வியோடு சண்டை.

அடுப்படியில் வந்து நின்றாள். "அத்தை, மாமாவுக்கு இந்த மாத்திரை சேரல. நர்ஸுக்கு நான் போன் போடவா?"

"நீ எதுக்குப் போடணும்? அவன் பாத்துக்கிறான்ல."

"அவரப் பத்தியும் உங்ககிட்ட ஒன்னு சொல்லணும் அத்தை. அவர் ஒரு மாதிரியா இருக்காரு. பாத்ரூமுக்குள்ள போனா வரமாட்டேங்கிறாரு. கண்ணப் பாத்தீங்களா, கருவிழி கடுகு மாதிரி சுருங்கிக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"அப்பன் சாகக் கெடக்கான், மகன் கண்ணு சுருங்காம பூவா பூக்கும்? ஏம்மா, பெத்தவகிட்டயே வந்து பிள்ளையக் குத்தம் சொல்றியே, எங்க கத்துக்கிட்ட இத? உங்கம்மாகிட்டயா?"

அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கரண்டியைப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மத்தியானம் நான் பாலாடையைக் கொண்டுபோனபோது அவுக கையால் தட்டிவிட்டாக. கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. வேலு வாசல்படியில் நின்றான். அவுக அவனைப் பார்த்தாக. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவுகளே வாயைத் திறந்தாக. மிச்சத்தை ஊற்றினேன். அப்பனுக்கும் மகனுக்கும் அப்படி ஒரு பாசம், அவன் நின்றால்தான் மருந்து இறங்குகிறது.

எப்போதுமே ஒரு கட்சிதான் இந்த ரெண்டு பேரும். பிள்ளை சைக்கிளைக் கண்மாய்க்குள் விட்டுவிட்டு வந்தான். திருட்டுப் போச்சு என்று அப்பன் போலீஸ் ஸ்டேஷன்வரை போய்வந்த மாதிரி நடித்தாக. நான் தெருவெல்லாம் திருடனுக்கு மண் தூற்றினேன். அவன் கல்யாண வீட்டில் அவனுடைய கூட்டாளி ஒருத்தன் சிரித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு உண்மை தெரியும். அன்றைக்குப் பந்தியில் நான் பாயசம் தொடவில்லை.

மார்ச் 8, சனி

வேலு சாப்பிட உட்கார்ந்தவன் தட்டு முன்னாலேயே தூங்கிப்போனான். கை சோற்றில் இருக்கிறது, தலை நெஞ்சில் கிடக்கிறது. அவ்வளவு அசதி. கையைத் துடைத்துவிட்டுத் தலைகாணி வைத்துப் படுக்கப் போட்டேன்.

அந்தப் பக்கம் அவுக அனத்தல். இந்தப் பக்கம் இவன் குறட்டை. நடுவில் நான்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் செல்விக்கு முதல் ஷிப்ட். போகையில் வாசலில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "பாப்பாவுக்கு இளைப்பு வந்தா ஹோமியோபதி மாத்திரை ரெண்டு குடுங்க. ஜன்னல்ல இருக்கு." பேத்தி மித்ராவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. பஜாரில் ஒரு ஹோமியோபதி டாக்டர் கொடுக்கிறார். அதெல்லாம் செல்வி பார்ப்பாள், நான் தலையிடுவதில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகையில் பிள்ளைக்கு இழுத்தது. சீசாவில் இருந்து ரெண்டு மாத்திரையைக் கையில் தட்டினேன். சின்னது. வெள்ளை. கை நின்றது. பழக்கம் விடுமா, ஒன்றை என் நாக்கில் வைத்தேன்.

லேசான இனிப்பு. மாவு மாதிரிக் கரைந்தது.

"ஆச்சி, அது என் மாத்திரை" என்றது பிள்ளை.

"ஆமா தாயி, உன் மாத்திரைதான்" என்றேன்.

அவளுக்குக் கொடுத்தேன். இழுப்பு அடங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் அனுப்பினேன். திரும்பி வந்து அலமாரி டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இன்னொன்றும் போட்டேன். இந்த நாக்கு பொய் சொல்லாது. பாகு காய்ச்சுகிறவர் வீட்டு நாக்கு.

கட்டிலில் அவுக என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாக.

கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்தது என்று எழுதினேனே. என் கையால், வேலுவுக்குப் பால் ஊற்றின பாலாடையால், இத்தனை நாளும் பிள்ளைகள் சப்புகிற மாத்திரையைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். ஊற்றிவிட்டு, பொறுக்கக் கூடாதா என்று வேறு கேட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

வேலு வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். டப்பாவை அவன் முன்னால் வைத்தேன்.

"இது என்னது?"

"அப்பா மாத்திரைம்மா."

"வாயில போட்டுச் சொல்லு."

"கம்பெனி மாத்திட்டாங்கம்மா, நீதான சொன்ன கசக்கலன்னு..."

"வேலு. நான் உன் அம்மா."

நின்றவன் உட்கார்ந்துவிட்டான். அழுகை என்றால் சின்னப் பிள்ளையில் அழுத அழுகை. "இடுப்பு உசுரு போகுதும்மா. முதல்ல வலிக்குத்தான் போட்டேன். அப்புறம் போடலைன்னா எந்திரிக்கவே முடியல. கை கால் எல்லாம் பிச்சுக்கிது. கடையில நிப்பாட்டிட்டாங்க. முதல்ல அப்பாவோடதுல ஒன்னு ரெண்டுதான் எடுத்தேன். நாளைக்கு நிப்பாட்டிரணும், நாளைக்கு நிப்பாட்டிரணும்னு..."

"உனக்கு இடுப்பு. அவருக்கு நாக்கு அழுகுதுடா."

"தெரியும்மா."

தெரியுமாம். தெரிந்துதான் நர்ஸம்மாவிடம் கண் கலங்கினான். ரெண்டாக்கி விடுங்க என்று கேட்டது யாருக்கு என்று இப்போது விளங்கியது. அந்த லேமினேஷன் சீட்டும் விளங்கியது. கையை ஓங்கிவிட்டேன்.

கட்டில் கட்டையைத் தட்டுகிற சத்தம். டக் டக் டக் என்று. திரும்பினால் அவுக கையை ஆட்டுகிறாக. வேண்டாம், விடு என்று. அந்தக் கையில் தோலும் எலும்பும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இவனைக் காப்பாற்றுகிறாக.

அப்போதுதான் பார்த்தேன். அவுக தலை இருக்கிற இடத்தில் இருந்து அலமாரி நேரே தெரிகிறது. டப்பா தெரிகிறது. யார் வந்து திறந்தாலும் தெரியும்.

"உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணை மூடிக்கொண்டாக.

"முதல்ல இருந்தே தெரியுமா?"

மூடின கண்ணில் இருந்து தண்ணி காதுக்கு ஓடியது.

சைக்கிள் திருட்டுப் போச்சு என்று சொன்ன அதே ஆள். பேச்சு போன பிறகும் என்னிடம் பொய் சொல்ல முடிந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

வேலு என் காலைப் பிடித்தான். "நர்ஸம்மாட்ட சொல்லிறாதம்மா. சொன்னா இந்த வீட்டுக்கு மாத்திரையே தரமாட்டாங்க. அப்பாவுக்கும் இல்லாமப் போயிரும். நான் விட்டுர்றேன், சத்தியமா." பைக் சீட்டுக்கு அடியில் இருந்து மிச்சம் இருந்த கொஞ்சம் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தான். சீட்டுக்கு அடியில் இன்னும் இருக்கும். எனக்குத் தெரியாதா.

அவுகளும் கையை ஆட்டுகிறாக. சொல்லாதே என்று.

நாளெல்லாம் யோசித்தேன். சொல்லி, அவன் சொன்னபடி மாத்திரை நின்றுபோனால் இந்த மனுஷன் துடித்தே போய்விடுவாக. சொல்லாவிட்டால் இவன் மறுபடி எடுப்பான். எடுப்பது தெரிந்தும் அவுக வாயைத் திறப்பாக.

செல்வி வந்ததும் சொன்னேன். யோசனை கேட்கவில்லை, சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. "அவர் மாத்திரை போடுறது தெரியும் அத்தை. மாமாவோடதுன்னு தெரியாது. அந்த ஹோமியோபதி டாக்டர் போன வாரம் கேட்டாரு, உங்க வீட்டுக்காரர் ஏன் இத்தனை சீசா வாங்குறாருன்னு. எனக்கு உறைக்கல. மத்தத உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்று ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"நர்ஸுக்குப் போன் போடு" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

நர்ஸம்மா சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. ரொம்ப நேரம் அவுக கையைப் பிடித்தபடி இருந்தாள். "என் மேலயும் தப்பும்மா. அட்டையப் பாத்தேன், டப்பாவப் பாக்கல" என்றாள்.

மாத்திரை நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன். ஆனால் ரெண்டு கொடுக்கக் கூடாதாம். உடம்பு அதை மறந்துபோயிருக்கும், திடீரென்று அவ்வளவும் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், மறுபடி கொஞ்சத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். அப்படி என்றால் இவ்வளவு நாள் இவன் இஷ்டத்துக்குப் போட்டானே, இவன் மூச்சு நின்றிருந்தால்? தட்டு முன்னால் தூங்கினானே அன்றைக்கு. நான் தலைகாணி வைத்தேன்.

"அவரத் திருடனாப் பாக்காதீங்கம்மா. அவரும் நோயாளிதான். திடீர்னு நிப்பாட்டினா அவரும் துடிப்பாரு. பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே வார்டு இருக்கு, கூட்டிட்டு வாங்க."

"துடிக்கட்டும்" என்றேன்.

பூட்டு வைத்த பெட்டி ஒன்று கொடுத்தாள். "சாவி யார்கிட்ட இருக்கும்?"

"மருமககிட்ட."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 15, சனி

செல்வியின் தம்பி வந்து வேலுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அப்பன் காலடியில் நின்றான். அவுக கையைத் தூக்கினாக. ஆசீர்வாதமாம். என்னைத் தேடி அடுப்படிவரை வந்தான். நான் பருப்பு வேகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். "அம்மா" என்றான். பருப்பு வேகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவுக வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாக. செல்வி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், கரைத்துக்கொண்டு போனேன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாக. மத்தியானமும் அப்படியே. வலியில் கட்டில் நடுங்குகிறது. ஆனால் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் விரலைக் குவித்துத் தன் வாய்ப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினாக. பிறகு வாசலைக் காட்டினாக. அவன் சாப்பிட்டானா என்று கேட்கிறாக.

எனக்கு எப்படி இருந்திருக்கும். உங்க மருந்தைத் தின்றவன் சாப்பிட்டானா என்றா எனக்குக் கவலை? நான் சாப்பிட்டேனா என்று யார் கேட்டாக? எல்லாம் வாய்வரை வந்தது. அந்தக் குவித்த விரல் இறங்கவே இல்லை.

"சாப்பிட்டானாம். போன் வந்துச்சு. ரெண்டு இட்லி கூட வாங்கிச் சாப்பிட்டானாம்" என்றேன்.

போன் எதுவும் வரவில்லை. என்னிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறாக, நான் ஒன்று சொன்னால் என்ன.

முகத்தைத் திருப்பினாக. வாயைத் திறந்தாக.

முதல் சொட்டு என் நாக்குக்கு. கசந்தது. அப்படி ஒரு கசப்பு. தண்ணி குடிக்கவில்லை, அது நாக்கிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மிச்சத்தை ஊற்றினேன்.

விளக்கு வைக்கும்போது அனத்தல் குறைந்தது. அப்புறம் மெல்லக் குறட்டை.

ரெண்டு பேரையும் நான் மன்னிக்கவில்லை. அதை இதில் எழுதி வைக்கிறேன்.

செல்வி துணி மடித்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "உன் தம்பிக்கு ஒரு போன் போடு. அவன் எதுவும் சாப்பிட்டானான்னு கேளு" என்றேன். அவள் போனை எடுத்தாள்.

"நான் கேட்டேன்னு சொல்லாத."